பனிப்புயலுக்கு முன் கவுன்சில் செய்வதும் செய்ய முடியாததும்

குளிர்காலம் தொடங்கியதும் கவுன்சிலுக்கு அதிகம் வரும் கேள்வி, "எங்கள் தெருவுக்கு ஏன் உப்பு போடவில்லை?" என்பதுதான். இங்கிலாந்தில் உள்ளூராட்சி அவசரகாலத் திட்டப் பிரிவில் வேலை செய்பவன் என்ற முறையில் நேராகவே சொல்கிறேன். சாலையில் பனி உறையாமல் இருக்க உப்பு தூவும் லாரி பெரும்பாலான குடியிருப்புத் தெருக்களுக்கு வராது. முக்கியச் சாலைகள், பஸ் போகும் வழிகள், மருத்துவமனைக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் போகும் பாதைகள், இவற்றுக்குத்தான் முதலிடம்.

2000-ல், அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஒரு வழக்கில், சாலையைப் பராமரிக்கும் கடமைக்குள் உறைபனியை அகற்றுவது அடங்காது என்று தீர்ப்பளித்தது. அப்புறம் 2003-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பனியால் ஆபத்து வராமல் நியாயமாக இயன்ற அளவுக்குப் பார்த்துக்கொள்வது இப்போது எங்கள் கடமை. அந்த 'இயன்ற அளவு' என்பதற்குள்தான் எங்கள் திட்டம் முழுவதும் அடங்குகிறது.

உப்பு வேலை கோடையிலேயே தொடங்கிவிடும். செஷயரில் உள்ள வின்ஸ்ஃபோர்டு சுரங்கத்தைப் போன்ற இடங்களிலிருந்து பாறை உப்பு வந்து கிடங்குகள் நிரம்ப வேண்டும். நாங்கள் பார்ப்பது காற்றின் வெப்பநிலையைவிட சாலைப் பரப்பின் வெப்பநிலையை. அதற்குச் சாலைக்குள்ளேயே உணரிகள் புதைத்திருக்கிறோம். பனி விழுவதற்கு முன்பே உப்பு தரையில் இருந்தாக வேண்டும். ஆனால் பனிக்கு முன்னால் மழை பெய்தால் போட்ட உப்பு கழுவிக்கொண்டு போய்விடும். மைனஸ் 8, 10 டிகிரிக்குக் கீழே போனால் உப்பே சரியாக வேலை செய்யாது. அதனால் லாரி வந்து போன சாலை என்று நம்பி வேகமாக ஓட்டாதீர்கள்.

உப்பையாவது எடை போட்டுச் சேர்த்து வைக்கலாம். யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் பெரிய பாடு.

2021 நவம்பர் 26-ல் வந்த ஆர்வென் புயல் இதைக் காட்டியது. காற்று வழக்கமாக வரும் தென்மேற்குத் திசையை விட்டு வடக்கிலிருந்து அடித்தது. அந்தத் திசைக் காற்றுக்குப் பழகாத மரங்கள் வேரோடு சாய்ந்து மின்கம்பிகளின் மேல் விழுந்தன. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது. ஏறக்குறைய 4,000 வீடுகளுக்கு ஒரு வாரத்துக்கு மேலாகியும் திரும்பவில்லை. உறையும் குளிரில் ஒரு வாரம்! கரண்ட் எப்போது வரும் என்று மக்களுக்குச் சொல்லப்பட்ட நேரங்கள் பல இடங்களில் தவறாக இருந்ததை மின்சார ஒழுங்குமுறை ஆணையமான ஆஃப்ஜெம் பின்னர் தன் விசாரணையில் குறிப்பிட்டது. இன்று வந்துவிடும், நாளை வந்துவிடும் என்று நம்பியவர்கள் உறவினர் வீட்டுக்குப் போகாமல் குளிர்ந்த வீட்டிலேயே காத்திருந்தார்கள். கடைசியில் ராணுவ வீரர்கள் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி நலம் விசாரிக்க வேண்டியிருந்தது.

நலிந்தவர்கள் எல்லாரும் இருக்கும் முழுப் பட்டியல் கவுன்சிலிடம் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது. எங்கள் சமூகப் பராமரிப்புப் பிரிவுக்குத் தெரிந்தவர்கள் ஒரு பட்டியலில், மருத்துவத் துறைக்குத் தெரிந்தவர்கள் இன்னொன்றில், மின்விநியோக நிறுவனத்தில் பதிந்தவர்கள் மூன்றாவதில். புயல் நெருங்கும்போது இவற்றைச் சேர்த்துப் பார்க்கிறோம். மூன்றிலும் இல்லாதவர் எங்கள் கண்ணில் படவே மாட்டார்.

நம் தமிழ்க் குடும்பங்களில் இப்படிப்பட்டவர்கள் நிறைய என்பது என் கவலை. பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள், எதற்குப் பதிய வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை இருப்பதோ 100 மைலுக்கு அப்பால், நடுவில் சாலை மூடிக் கிடக்கும். நான் சொன்ன மூன்றாவது பட்டியலான, மின்விநியோக நிறுவனத்தின் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் (Priority Services Register) சேர்வது இலவசம். ஓய்வூதிய வயதினர், 5 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள வீட்டினர், ஆக்சிஜன் அல்லது டயாலிசிஸ் கருவியை நம்பியிருப்பவர்கள் எல்லாரும் சேரலாம். ஆங்கிலம் சரளமாகப் பேசவோ படிக்கவோ வராது என்பதே ஒரு தகுதிதான். வீடு மாறினாலோ மின் நிறுவனம் மாறினாலோ மறுபடி பதியுங்கள்.

இன்னொன்று தொலைபேசி. பழைய செப்புக்கம்பி இணைப்புகளை 2027 ஜனவரிக்குள் டிஜிட்டலுக்கு மாற்றும் வேலை நடக்கிறது. டிஜிட்டல் இணைப்பில் கரண்ட் போனால் வீட்டு ஃபோனும் போகும். அதையே நம்பியிருக்கும் பெரியவர்களுக்கு, அவசர உதவியை அழைக்க பேட்டரி போன்ற ஒரு மாற்று ஏற்பாட்டைக் கொடுக்கும் பொறுப்பு ஃபோன் நிறுவனத்துக்கு உண்டு. கேட்டு வாங்குங்கள். கழுத்தில் மாட்டும் அவசர பட்டன் இருந்தால் அது புதிய இணைப்பில் வேலை செய்கிறதா என்று இப்போதே அழுத்திப் பாருங்கள்.

கரண்ட் போனால் அழைக்க வேண்டிய இலவச எண் 105. அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே போகவே கூடாது. குளிர் தாங்கவில்லை என்று பார்பிக்யூ அடுப்பையோ ஜெனரேட்டரையோ வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும்.

வாசலில் கிடக்கும் பனியைச் சுத்தம் செய்தபின் யாராவது வழுக்கி விழுந்தால் வழக்கு வருமோ என்று பயப்படுபவர்கள் இருக்கிறார்கள். கவனமாகச் செய்தால் அந்தப் பயம் தேவையில்லை, அரசின் வழிகாட்டுதலே அப்படித்தான் சொல்கிறது. வெந்நீர் மட்டும் ஊற்றாதீர்கள். அது உறைந்து கண்ணுக்குத் தெரியாத கரும்பனியாகிவிடும். சாப்பாட்டு உப்பைத் தூவினாலே போதும். தெருமுனையில் இருக்கும் மஞ்சள் பெட்டியின் உப்பு பொதுச் சாலைக்கும் நடைபாதைக்கும் உரியது. அதில் ஒரு வாளி எடுத்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி நடக்கும் நடைபாதைக்கும் தூவுங்கள்.