மைக்ரோபயோம்: குடல் நுண்ணுயிர்த் தொகுதி

ஓரிடத்தில் கூடி வாழும் நுண்ணுயிர்கள், அவற்றின் மரபணுக்கள், அவை வாழும் சூழல் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சுட்டும் சொல் 'மைக்ரோபயோம்'. கிரேக்கத்தில் 'மைக்ரோஸ்' சிறியதையும் 'பயோஸ்' உயிர்வாழ்வையும் குறிக்கும். 'பயோம்' என்பது காடு, புல்வெளி போன்ற உயிர்ச்சூழலுக்குச் சூழலியலார் வழங்கிய பெயர். 1988இலேயே பயிர்நோய் ஆய்வில் இச்சொல் ஆளப்பட்டது; எனினும் 2001இல் அமெரிக்க நுண்ணுயிரியலார் ஜோஷுவா லெடர்பர்க் மனித உடலோடு இணைத்து எழுதிய பிறகே பரவலாயிற்று. உயிர்களை மட்டும் சொல்ல 'மைக்ரோபயோட்டா' தனியே உண்டு.

தமிழில் 'நுண்' என்பதோடு 'உயிர்' சேரும்போது, தனிக்குறிலை அடுத்த மெய் இரட்டித்து 'நுண்ணுயிர்' ஆகிறது. 'நுண்ணுயிரகம்' என்பாரும் உளர். வாழிடத்தையும் உணர்த்துவதால் அது மூலத்துக்கு நெருக்கமானதே. ஆயினும் நூலகம், காப்பகம் என்று பழகிய காதுக்கு அது ஓர் ஆய்வுக்கூடத்தின் பெயர்போல ஒலிப்பதால், 'குடல் நுண்ணுயிர்த் தொகுதி' என்பதையே நான் விரும்புகிறேன். 'கிருமி' பொருந்தாது: வடமொழியில் புழுவைக் குறித்த அச்சொல் தமிழில் நோய் தருவதற்கே உரியதாகிவிட்டது. வண்ணாரப்பேட்டை மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் அட்டையோடு ஒரு கேப்சூலையும் வைத்து, "அக்கா, இது வயித்துல இருக்கிற நல்ல கிருமிக்கு" என்று கடைக்காரர் சொன்னால், வாங்குபவர் அதைப் பூச்சி மாத்திரை என்றே எண்ணக்கூடும்; பூச்சி மாத்திரையோ குடற்புழுவை நீக்குவது.

2016இல் வெளியான ஒரு கணக்கீட்டின்படி, சராசரி ஆணின் உடலில் மனித உயிரணுக்கள் ஏறக்குறைய 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் 38 லட்சம் கோடி. பாக்டீரியா பத்துக்கு மனித உயிரணு ஒன்று என்ற பழைய விகிதம் இன்னும் மேடைகளில் உலவுகிறது, அதை விட்டுவிடலாம். பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தை அவை நொதிக்கவைத்து உண்டாக்கும் பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலமே பெருங்குடல் உட்சுவரின் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். வைட்டமின் கே-யின் ஒரு பகுதியையும் அவை ஆக்குகின்றன. ஆன்டிபயாடிக் இத்தொகுதியைக் குலைக்கும்போது, அதுவரை அடங்கியிருந்த கிளாஸ்ட்ரிடியாய்டீஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியா பெருகிக் கடும் வயிற்றுப்போக்கைத் தரலாம். அது மீண்டும் மீண்டும் வருவோருக்கு நலமானவரின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களை மாற்றிச் செலுத்தும் சிகிச்சை பலன் தருவது 2013இல் வெளியான ஆய்வில் உறுதியாயிற்று. உடற்பருமன், மனச்சோர்வு ஆகியவற்றுடனும் தொடர்பு பேசப்படுகிறது. எது காரணம், எது விளைவு என்பது அங்கே இன்னும் தீரவில்லை.

காசிமேட்டில் கருவாட்டோடு உண்ணும் பழைய சோற்றைக்கொண்டு 'புரோபயாடிக்', 'பிரீபயாடிக்' என்ற இரு துணைச்சொற்களையும் பிரித்தறியலாம். நலம் தரும் அளவில் உயிருடன் உட்கொள்ளப்படும் நுண்ணுயிர் முன்னது; குடலில் ஏற்கெனவே வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாவது பின்னது. இரவு முழுதும் நீரில் ஊறிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. ஆனால் நலம் தருவதாக மெய்ப்பிக்கப்பட்ட வகையையே புரோபயாடிக் என்பதால், புளித்ததெல்லாம் அப்பெயருக்கு உரியதாகாது. ஆறிய சோற்றின் மாவுச்சத்தில் ஒரு பங்கு செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள தொகுதிக்கு இரையாகிறது.