அமெரிக்க உள்நாட்டுப் போரும் நம் விடைத்தாள்களும்

முதுகலை மாணவர்களுக்கு அமெரிக்க வரலாறு நடத்தத் தொடங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பேப்பர் திருத்தும் முகாமுக்குப் போனால் ‘அமெரிக்க உள்நாட்டுப் போருக்கான காரணங்கள்’ என்ற கேள்வி எப்படியும் கண்ணில் படும். 1861 முதல் 1865 வரை, நாட்டிலிருந்து பிரிந்துபோன தென் மாநிலங்களுக்கும் வட மாநிலங்களுக்கும் நடந்த போர் அது. பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: மாநில உரிமை, சுங்க வரி, வடக்கின் தொழிலும் தெற்கின் விவசாயமும், கடைசியில் அடிமை முறை. அந்தக் கடைசிக்கு ஒரே ஒரு வரி. சில தாள்களில் அதுவும் இருக்காது.

போருக்கு அப்புறம், தோற்ற தென் மாநிலங்களை மறுபடி நாட்டோடு சேர்த்து, விடுதலை பெற்ற கறுப்பர்களுக்கு வாக்குரிமை கொடுத்த மறுசீரமைப்புக் காலத்தைப் பற்றிய பதில்கள் இன்னும் வருத்தம் தருபவை. போன பருவத்தில் ஒரு தாள் வந்தது. முத்து முத்தான கையெழுத்து, ஒவ்வொரு துணைத்தலைப்புக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு. அதில் இப்படி இருந்தது: ‘படிப்பறிவற்ற கறுப்பர்களிடம் ஆட்சி போனதால் தென் மாநிலங்கள் ஊழலில் மூழ்கின. 1877-இல் வெள்ளையர்கள் ஆட்சியை மீட்டனர், அமைதி திரும்பியது.’ அந்தப் பிள்ளை இதைத் தானாக யோசித்து எழுதவில்லை. கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து எழுதியிருக்கிறது. இந்த வரி யாருடைய வாயிலிருந்து முதலில் வந்தது என்று தெரிந்திருந்தால் எழுதியிருக்காது.

முதலில் ‘மாநில உரிமை’யை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வளர்ந்த மாணவருக்கு இந்தச் சொல்லைக் கேட்டதுமே ஒரு பரிவு வந்துவிடும். மத்திய அரசோடு மல்லுக்கட்டி மாநிலத்துக்கு உரியதைக் கேட்பது நமக்குப் பழகிய அரசியல். அந்தக் காதோடு அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் பற்றிக் கேட்டால், அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் தோன்றும். அதனால் வகுப்பில் நான் நேராக மூல ஆவணத்துக்குப் போய்விடுவேன்.

1860 டிசம்பர் 20 அன்று தென் கரோலினா ஒன்றியத்திலிருந்து, அதாவது அமெரிக்க ஐக்கிய நாட்டிலிருந்து, பிரிந்தது. நான்கே நாளில், ஏன் பிரிந்தோம் என்று ஓர் அறிக்கையையும் நிறைவேற்றியது. அதில் அவர்கள் வைக்கும் பெரிய புகார் என்ன தெரியுமா? தப்பி ஓடிவந்த அடிமைகளைப் பிடித்துத் திருப்பி அனுப்ப வட மாநிலங்கள் மறுக்கின்றன, அதற்காகத் தங்கள் சட்டமன்றங்களில் தனிச் சட்டம் போடுகின்றன என்பது. அதாவது, வட மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதே அவர்களுக்குக் குற்றமாகப்பட்டது. ஓடிவந்தவர்களைப் பிடித்துக்கொடுக்கச் சொன்ன 1850-ஆம் ஆண்டுச் சட்டம் மத்திய அரசின் சட்டம். அந்த அதிகாரம் வடக்கின் தலையில் இறங்கியபோது தெற்கு அதை வரவேற்றது.

மிசிசிப்பியின் அறிக்கை சுற்றி வளைக்கவே இல்லை. ‘எங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுக்கப் பிணைந்தது’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. பிரிந்தவர்கள் கூடி எழுதிய அரசமைப்பில், கறுப்பு அடிமைகள் மீதான சொத்துரிமையைக் குறைக்கும் எந்தச் சட்டமும் போடக்கூடாது என்று ஒரு பிரிவு. புதிதாகச் சேரும் பிரதேசங்களிலும் அடிமை முறைக்குப் பாதுகாப்பு உண்டு என்று இன்னொரு பிரிவு. சுங்க வரியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வரியைக் கூட்டிய மோரில் சட்டத்தில் கையெழுத்தானது 1861 மார்ச்சில். அதற்குள் ஏழு மாநிலங்கள் பிரிந்து போயிருந்தன.

வகுப்பில் நான் அதிக நேரம் நிற்கும் இடம் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ். பிரிந்த மாநிலங்களின் துணை அதிபர். 1861 மார்ச் 21 அன்று, ஜார்ஜியாவின் சவானாவில் பேசும்போது, கறுப்பர் வெள்ளையருக்குச் சமம் இல்லை, அடிமையாக இருப்பதே அவர்களுக்கு இயல்பு, இந்த உண்மைதான் எங்கள் புதிய அரசின் மூலைக்கல் என்றார். போரில் தோற்றார்கள். 1868-இல் இதே ஸ்டீபன்ஸ் ஒரு பெரிய நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். அதில் போர் நடந்தது அரசமைப்புக் கொள்கைக்காக, மாநிலங்களின் அதிகாரத்துக்காக என்று மாறிவிட்டது. ஒரே மனிதர், நடுவில் ஏழு வருடமும் ஒரு தோல்வியும். இரண்டையும் பலகையில் அடுத்தடுத்து எழுதி, ஆண்டுக்குக் கீழே கோடு போட்டுவிட்டு நான் உட்கார்ந்துவிடுவேன். மீதியை மாணவர்களே பேசிக்கொள்வார்கள்.

தோற்றவர்களின் இந்தப் பிற்காலக் கதை தானாகப் பரவிவிடவில்லை. 1894-இல் தொடங்கிய தெற்கத்திப் பெண்கள் அமைப்பு ஒன்று சிலைகள் வைத்தது, பள்ளிப் பாடநூல்களையும் கண்காணித்தது. அதன் வரலாற்றுப் பொறுப்பில் இருந்த மில்ட்ரெட் ரதர்ஃபோர்ட், பாடநூல்களை அளந்து பார்க்க ஒரு சிறு கையேடே போட்டார். அடிமைகளை வைத்துக்கொள்வதற்காகத் தெற்கு போரிட்டது என்று சொல்லும் புத்தகத்தைத் தள்ளிவிடுங்கள் என்பது அதில் ஒரு விதி. பல்கலைக்கழகப் பக்கம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருந்த வரலாற்றாளர் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணவர்களும் மறுசீரமைப்புக் காலத்தை ‘கறுப்பர்களின் தவறான ஆட்சி’ என்று மாநிலம் மாநிலமாக எழுதினார்கள். அரை நூற்றாண்டு அதுவே பாடமாக இருந்தது. நம் கைடுகளில் இருப்பது அந்தப் பாடத்தின் நகலின் நகல் என்பது என் கணிப்பு.

அதற்கு மறுப்பும் அப்போதே வந்தது. 1935-இல் கறுப்பின அறிஞர் டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ் மறுசீரமைப்பைப் பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அந்தக் காலத்தில் கறுப்பர்கள் பங்கேற்ற தென் மாநில அவைகள்தான் தெற்கில் எல்லோருக்குமான பொதுப் பள்ளிகளுக்கு அடித்தளம் போட்டன என்று எடுத்துக்காட்டினார். அமெரிக்க வரலாற்றாளர்களின் முதன்மை இதழ் அந்த நூலுக்கு மதிப்புரைகூடப் போடவில்லை. 1960-களுக்கு அப்புறம்தான் துறை அவர் பக்கம் திரும்பியது.

வரலாற்றில் கருத்து வேறுபாடே கூடாது என்று நான் சொல்லவில்லை. அடிமைகளை விடுவித்தது லிங்கனா, பண்ணைகளை விட்டு ஓடி ஒன்றியப் படையிடம் வந்து சேர்ந்த அடிமைகளேவா என்று இன்றும் வாதம் நடக்கிறது. இரு தரப்பிலும் ஆதாரம் உண்டு. 1877 ஒரு திருப்புமுனைதானா என்பதும் அப்படித்தான். மாநிலங்களின் தேர்வாளர்கள் போட்ட வாக்கில் ஹேய்ஸ் 185, டில்டன் 184 என்று ஒரே வாக்கில் அதிபர் தேர்தல் முடிவானது, தெற்கின் தலைநகரங்களுக்குக் காவல் நின்ற மத்திய அரசின் படை விலகியது, அதோடு கதை முடிந்தது என்பது பாடநூல் கணக்கு. எனக்கு அதில் திருப்தி இல்லை. அதற்கு அப்புறமும் பல இடங்களில் கறுப்பர்கள் வாக்களித்தார்கள், பதவிக்கும் வந்தார்கள். கதவை இழுத்துப் பூட்டியது 1890-இல் மிசிசிப்பியும் 1898-இல் லூசியானாவும் போட்ட புது அரசமைப்புகள். லூசியானாவில் 1896-இல் சுமார் 1,30,000 கறுப்பின வாக்காளர்கள் பதிவாகியிருந்தார்கள். 1904-இல் அது 1,342. 1877-ஐத் திருப்புமுனையாக வைத்தால் வடக்கு கைவிட்ட கதை வரும். 1890-ஐ வைத்தால், சட்டம் எழுதி உரிமையைப் பறித்தவர்கள் முன்னுக்கு வருவார்கள். இப்படிப்பட்ட வாதம் ஆரோக்கியமானது. ஸ்டீபன்ஸ் செய்தது வேறு. தான் பேசியதையே மறைத்துப் பேசியது அது.

விடைத்தாளில் ‘மீட்டனர்’ என்று ஒரு சொல் இருந்ததே, அதைக் கவனியுங்கள். தெற்கின் வெள்ளையர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் ‘மீட்பர்கள்’. நம் ஊர் மாணவர் அந்தப் பெயரை அப்படியே எடுத்து எழுதுகிறார்.

அந்த மீட்பு எப்படி நடந்தது என்று காட்ட லூசியானாவின் கோல்ஃபாக்ஸ் என்ற சிறு ஊரைச் சொல்வேன். 1873 ஏப்ரல் 13, ஈஸ்டர் ஞாயிறு. தேர்தல் தகராறில் நீதிமன்றக் கட்டடத்தைக் காத்து நின்ற கறுப்பர்களை ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கூட்டம் சுற்றி வளைத்தது. சரணடைந்தவர்களையும் விடவில்லை. தண்டனை பெற்ற சிலரையும் 1876-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு விடுவித்துவிட்டது. 1950-இல் அந்த இடத்தில் அரசு ஒரு பலகை வைத்தது. ‘கோல்ஃபாக்ஸ் கலவரத்தில் 3 வெள்ளையர்களும் 150 நீக்ரோக்களும் கொல்லப்பட்டனர். தெற்கில் நடந்த தவறான ஆட்சிக்கு இது முடிவு கட்டியது’ என்பது அதன் சாரம். 2021-இல் அந்தப் பலகையை எடுத்தார்கள். 2023-இல், அதே ஏப்ரல் 13 அன்று, இறந்த கறுப்பர்களின் பெயர்கள் பொறித்த நினைவுக்கல் ஒன்றை அந்த ஊரில் திறந்தார்கள். ஊர்க் கல்லறையில் 1921-இல் நட்ட தூண் ஒன்றும் இருக்கிறது. இறந்த மூன்று வெள்ளையர்களும் ‘வெள்ளையர் மேலாதிக்கத்துக்காகப் போரிட்டு வீழ்ந்த’ வீரர்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது.

தூண், பலகை, நினைவுக்கல் மூன்றின் வாசகங்களையும் தமிழில் எழுதி ஒரே தாளில் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். ஆண்டைச் சொல்லாமல் கொடுத்து, எது எப்போது எழுதப்பட்டது, யார் எழுதியிருப்பார்கள் என்று கேட்பேன். இந்த முறை அதை முதல் வகுப்பிலேயே, கைடு வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்பே, கொடுக்கப்போகிறேன்.