பெட்டிக்குள் இல்லாத மந்தரம்

ஒரு கட்டைச் சுருதியில் சேர்த்த தம்புராவின் மந்தரத் தந்தி (ஆகத் தாழ்ந்த சுரம் தருவது) வினாடிக்குச் சுமார் 65 முறை அதிர்கிறது. என் புத்தக அலமாரியில் இருக்கும் ஸ்பீக்கரின் வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான கூம்பு, குறுக்களவில் 13 சென்டிமீட்டர். 65 ஹெர்ட்ஸ் என்பது அதன் சக்திக்கு மீறிய வேலை. கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்து வைத்துப் பார்த்தால், அந்த இடத்தில் கோடு பள்ளத்தில் கிடக்கிறது. ஆனாலும் மந்தரம் கேட்கிறது. விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தால், பாடகருக்குப் பின்னால், சற்றே இடப்பக்கமாகத் தம்புரா கம்மென்று நிற்கிறது.

பெட்டி வாசிக்காத சுரத்தைக் காது எங்கிருந்து எடுக்கிறது? தந்தி 65-இல் மட்டும் அதிர்வதில்லை. 130, 195, 260 என்று அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிர்கிறது. இந்த மேல் மடங்குகள் சரியான இடைவெளியில் வந்து சேர்ந்தால், அடியில் இருக்க வேண்டிய 65-ஐ மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. பழைய தொலைபேசி இணைப்புகள் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதையும் அனுப்பவில்லை. ஆனாலும் அப்பாவின் குரல் அப்பாவின் குரலாகவே கேட்டது. தம்புரா இந்த விஷயத்தில் தாராளம் மிக்கது. தந்தியைத் தாங்கும் குதிரையில் தந்திக்கு அடியில் செருகும் நூல் மேல் மடங்குகளைக் கொட்டிக் கொடுக்கிறது. தந்தியை நட்டநடுவில் மீட்டினால் இரட்டைப்படை மடங்குகள் எழக்கூடாது என்பது அன்றைய பௌதிக விதி. தம்புராவிலும் வீணையிலும் அந்த விதி செல்லுபடியாகவில்லை என்று சி.வி. ராமன் 1921-இல் கட்டுரை எழுதினார்.

சிறிய ஸ்பீக்கர் செய்பவர்களின் பிழைப்பே காதின் இந்தப் பெருந்தன்மையை நம்பித்தான் நடக்கிறது. ஆகவே இரண்டு சிறிய பெட்டிகளை ஒப்பிடும்போது எதில் 'பேஸ்' அதிகம் என்று தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. எந்தப் பெட்டி எதை விட்டுக்கொடுத்து எதைக் காப்பாற்றியிருக்கிறது என்று கேட்டுப் பார்ப்பேன். அதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும்.

ஸ்பீக்கரின் கூம்பு காற்றைத் தள்ளுகிறது, இழுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், அதே அளவு சத்தத்துக்கு அது நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும். என் 13 சென்டிமீட்டர் வூஃபர் சுவர் ஓரமாக இருந்து, ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவருக்கு 85 டெசிபல் சத்தம் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 200 ஹெர்ட்ஸில் கூம்பு முன்னும் பின்னும் 0.2 மில்லிமீட்டர்தான் அசைகிறது, கண்ணுக்கே தெரியாது. 100 ஹெர்ட்ஸில் முக்கால் மில்லிமீட்டர். 50 ஹெர்ட்ஸில் 3 மில்லிமீட்டர். இதையே 95 டெசிபலாக உயர்த்தினால் 50 ஹெர்ட்ஸுக்கு ஒன்பது மில்லிமீட்டருக்கு மேல் நகர வேண்டும். இந்த அளவுக் கூம்புகளில் பெரும்பாலானவற்றுக்கு அது நடக்காத காரியம். கூம்பை ஆட்டும் கம்பிச்சுருள் காந்தத்தின் இடுக்கைவிட்டு வெளியே வந்துவிடும். அதற்கு முன்பே பாட்டு கரகரக்கத் தொடங்கும்.

கூம்பு இப்படி இருக்க, பெட்டியின் கதை வேறு. கூம்பின் முன்பக்கம் காற்றை அழுத்தும் நேரத்தில் பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இரண்டும் கலந்தால் தாழ்ந்த ஒலி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பெட்டியில்லாத வெறும் ஸ்பீக்கரை மேசைமேல் வைத்துப் பாடவிட்டால் டிரான்சிஸ்டர் ரேடியோபோலக் கீச்சென்று கேட்பது இதனால்தான். சட்டியின் வாயில் கவிழ்த்து வைத்தவுடன் அதற்குக் குரல் வந்துவிடும். கம்பிச்சுருள் ஸ்பீக்கரின் இன்றைய வடிவத்தை அமெரிக்காவில் ரைஸும் கெல்லாக்கும் 1925-இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நல்ல ஒலி என்றால் பீரோ அளவுப் பெட்டி என்றே பொருள். 1954-இல் எட்கர் வில்ச்சர் அதை மாற்றினார். கூம்பைத் தாங்கும் விளிம்பைத் தளர்வாக விட்டு, பெட்டியைக் காற்றுப்புகாமல் அடைத்தார். உள்ளே சிறைப்பட்ட காற்றே கூம்புக்கு ஸ்பிரிங் ஆனது. துணியும் காகிதமும் செய்த ஸ்பிரிங்கைவிடக் காற்று ஒழுங்கான ஸ்பிரிங். அலமாரித் தட்டில் வைக்கக்கூடிய ஏ.ஆர்-1 ஸ்பீக்கர் அப்படித்தான் பிறந்தது.

ஆனால் அதை உரக்கப் பாடவைக்க நிறைய வாட் செலவானது. தாழ்ந்த ஒலி, சிறிய பெட்டி, குறைந்த மின்சாரத்தில் நிறையச் சத்தம்: மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்பது ஹாஃப்மனின் இரும்பு விதி. வில்ச்சரின் தொழில் கூட்டாளியாக இருந்த ஹென்றி கிளாஸ் பின்னர் தொடங்கிய கே.எல்.எச். நிறுவனத்தில், அந்தப் பெயரின் கடைசி எழுத்துக்குச் சொந்தக்காரர்தான் இந்த ஹாஃப்மன். இத்தனை ஆண்டுகளாகியும் விளம்பரங்களைத் தவிர வேறு யாரும் இந்த விதியை மீறவில்லை.

இன்று விற்கும் சிறிய பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஒரு துளை இருக்கும். கடம் வாசிப்பவர் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தியும் விலக்கியும் அந்தக் 'கும்' ஓசையை எழுப்புவதைப் பார்த்திருப்பீர்கள். பானைக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங். வாயில் இருக்கும் காற்று அதன்மேல் குதிக்கும் கட்டி. ஸ்பீக்கரின் துளையும் அதே பானைதான். குழாயின் நீளத்தையும் அகலத்தையும் சரிசெய்து அதை, சொல்லப்போனால், 50 ஹெர்ட்ஸில் சுருதி சேர்க்கலாம். அந்த அதிர்வெண் வரும்போது கூம்பு ஏறத்தாழ அசையாமல் நிற்கும். துளையிலிருந்து வரும் காற்றுதான் பாடும். வூஃபரின் குணங்களை அளந்துவிட்டால் பெட்டியையும் துளையையும் காகிதத்திலேயே கணக்கிட முடியும் என்று ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961-இல் காட்டினார். ரிச்சர்ட் ஸ்மால் அதை 1970-களில் முழுமையாக்கினார். இதற்கு ஒரு விலை உண்டு. துளையின் சுருதிக்குக் கீழே போனால் பெட்டியில் காற்று ஸ்பிரிங்கே இருக்காது. கூம்பு வெட்டியாக ஆடும். ஒலியும் எண்மத்துக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும்) 24 டெசிபல் என்ற வேகத்தில் விழும். அடைத்த பெட்டியில் அந்தச் சரிவு 12 டெசிபல்தான்.

விட்டுக்கொடுத்தலில் இரண்டு வழிகளைக் காட்ட இரண்டு பழைய பெட்டிகளே போதும்.

பி.பி.சி.க்கு வெளிப்புற ஒலிபரப்பு வேன்களில் வைக்க ஒரு சிறிய ஸ்பீக்கர் தேவைப்பட்டது. வேனுக்குள் ஓர் ஆள் நிமிர்ந்து உட்காரவே இடம் பார்க்க வேண்டும். பி.பி.சி.யின் ஆய்வுப் பிரிவு 1970-களின் முற்பாதியில் செய்து கொடுத்தது எல்.எஸ்.3/5ஏ. உயரம் 30 சென்டிமீட்டர், அகலம் 19, ஆழம் 16. பெட்டிக்குள் இடம் சுமார் ஐந்து லிட்டர். ஒரு நடுத்தரக் குக்கர் அளவு. துளை கிடையாது. அவர்கள் காப்பாற்றத் தீர்மானித்தது மனிதக் குரலை. அறிவிப்பாளர் சளியோடு பேசினால் அது வேனுக்குள் தெரிய வேண்டும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டாம் என்று விட்டார்கள். ஆனால் 100 ஹெர்ட்ஸைத் தாண்டிய பகுதியில் மெல்லிய மேடு ஒன்று இருக்கிறது. அந்த மேடுதான் கேட்பவரை ஏமாற்றும் இடம்: அடித்தளம் இல்லை, அதன் மடங்குகள் சற்றுத் தூக்கலாக இருக்கின்றன, மிச்சத்தை மூளை பார்த்துக்கொள்கிறது.

இன்னொன்றையும் விட்டுக்கொடுத்தார்கள். 19 சென்டிமீட்டர் அகலப் பெட்டியில் சுமார் 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகும் ஒலி முன்னால் மட்டும் போகாமல் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பின்னாலும் கசியும். கேட்பவருக்கு அந்தப் பகுதியில் பாதி அழுத்தம் வரை குறையும். குறைந்ததைத் தூக்க முடியாது. ஆகவே தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் சுற்றில் மற்ற எல்லாவற்றையும் இறக்கிச் சமன் செய்தார்கள். விளைவு: இந்தப் பெட்டியின் உணர்திறன் (ஒரே அளவு மின்சாரத்துக்குக் கிடைக்கும் சத்தம்) சுமார் 82 டெசிபல்தான். அது மின்சாரத்தைக் குடித்துவிட்டு மெதுவாகப் பேசும்.

யமஹாவின் என்.எஸ்.10எம் 1978-இல் வீட்டுக்கான அலமாரி ஸ்பீக்கராகவே வந்தது. கறுப்புப் பெட்டி, வெள்ளைக் காகிதக் கூம்பு, 18 சென்டிமீட்டர் வூஃபர், இதிலும் துளை இல்லை. உணர்திறன் 90 டெசிபல். வீடுகளில் அதற்கு மரியாதை கிடைக்கவில்லை. இனிமையே இல்லாத பெட்டி என்று பெயர் வாங்கியது. ஆனால் ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக்சிங் மேசையின்மேல் ஏறி உட்கார்ந்ததும் அதன் ஜாதகம் மாறியது. 1,500 முதல் 2,000 ஹெர்ட்ஸ் வரை அது சற்றுக் கத்தும். குரலும் கிடாரும் முட்டிக்கொள்ளும் இடம் அதுதான். அடைத்த பெட்டி என்பதால் தாழ்ந்த ஒலி தொடங்கிய வேகத்தில் நின்றும்விடும். குறை எங்கே என்று தேடுபவருக்கு இரண்டும் வரம். உயர்சுரம் உறுத்துகிறது என்று ட்வீட்டரின்மேல் டிஷ்யூ காகிதம் ஒட்டிய ஒலிப்பொறியாளர்கள்கூட அதைத் தூக்கி எறியவில்லை. 2001-இல் உற்பத்தி நின்றது. காரணம், கூம்புக்கான மரக்கூழ் கிடைக்கவில்லை.

இப்போது இந்த இரண்டையும் ஒரே ஆம்பிளிஃபயரில் மாட்டி, வால்யூம் குமிழைத் தொடாமல் மாற்றி மாற்றிக் கேட்டால் என்ன ஆகும்? 90-க்கும் 82-க்கும் இடையே எட்டு டெசிபல். சமமாக ஒலிக்க பி.பி.சி. பெட்டிக்கு ஆறு மடங்குக்கும் மேலாக மின்சாரம் தர வேண்டும். தராவிட்டால் யமஹா பளிச்சென்று வெல்லும். உரக்கக் கேட்பதைக் காது 'தெளிவு' என்று எழுதிக்கொள்ளும். ஒரு டெசிபல் வித்தியாசம்கூட 'சத்தம் அதிகம்' என்று தோன்றாமல் 'இது மேல்' என்றே தோன்றும். கடைகளில் ஸ்பீக்கர் ஒப்பிடுவதை நான் நிறுத்திவிட்டதற்கு முதல் காரணம் இதுதான். வீட்டிலானால் மழைபோன்ற இரைச்சலை ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் கைப்பேசியை வைத்து, இரண்டு ஜோடியும் ஒரே எண்ணைக் காட்டும்படி குமிழில் பென்சிலால் குறி போட்டுக்கொள்ளலாம். கைப்பேசி காட்டும் எண் சரியா என்பதுகூட முக்கியமில்லை. இரண்டுக்கும் அதே தவறு என்றால் போதும்.

இவ்வளவு தெரிந்த நானும் ஒருமுறை ஒரு வாரம் முழுக்க முட்டாளாக இருந்தேன். நண்பரிடம் இரவல் வாங்கிய ஜோடி. எண் சமம், இடம் சமம், பாட்டும் அதே. ஆனால் குரல் எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லை. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் பக்கம், தகர டப்பாபோல் இருந்தது. 'உள்ளீடற்ற ஒலி' என்று குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன். திருப்பிக் கொடுக்கக் கழற்றும்போதுதான் பார்த்தேன், இடப்பக்கப் பெட்டியில் சிவப்புக் கம்பியைக் கறுப்பில் மாட்டியிருக்கிறேன். ஒரு கூம்பு தள்ளும்போது மற்றது இழுத்திருக்கிறது. நடுவில் உட்கார்ந்த எனக்குத் தாழ்ந்த ஒலி வருவதற்கு முன்பே அழிந்துபோயிருக்கிறது. அன்று முதல் மேசை இழுப்பறையில் ஒரு பென்சில் பேட்டரி வைத்திருக்கிறேன். கம்பியின் சிவப்பு முனையைப் பேட்டரியின் கூட்டல் பக்கமும் மற்றதை அடியிலும் ஒரு கணம் தொட்டால், 'டொக்' என்று கூம்பு வெளியே எழும்பும். இரண்டு பெட்டியும் ஒரே திசையில் எழும்பினால் நிம்மதி.

கம்பி சரியாக இருந்தாலும் கண் சும்மா இருப்பதில்லை. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் பல ஆண்டுகள், ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் மறைத்துக் கேட்கவைக்கும் சோதனைகள் நடத்திய ஃபிளாய்ட் டூல், பின்னர் ஷான் ஆலிவுடன் சேர்ந்து ஹார்மன் நிறுவன ஊழியர்களிடம் ஒரு சோதனை செய்து 1994-இல் வெளியிட்டார். திரைக்குப் பின்னால் இருந்தபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சிறிய, மலிவான ஒரு தொகுப்பு, திரையை விலக்கியவுடன் சரிந்தது. ஒலி மாறவில்லை. கேட்டவர்களில் அனுபவசாலிகளும் இருந்தார்கள். வீட்டில் வேட்டியைத் தொங்கவிட்டுச் சோதிக்கலாம், இடைவெளியில் இன்னொருவர் கம்பியை மாற்றித் தருவதாக இருந்தால்.

பெட்டியைப் படுக்க வைக்காதீர்கள் என்பது மட்டும் ஒரு வரியில்: வூஃபரும் ட்வீட்டரும் கைமாறும் 3,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11 சென்டிமீட்டர்தான். இரண்டும் பக்கவாட்டில் இருந்தால், தலையைச் சற்று நகர்த்தினாலும் ஒலி மாறும். ட்வீட்டர் காதின் உயரத்தில் இருக்கட்டும்.

மிச்சத்தை அறை தீர்மானிக்கிறது. சுவருக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் ஸ்பீக்கரின் முகம் இருந்தால், பின்சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸ் அருகே நேர் ஒலியைத் தின்றுவிடும். ஆண் குரலின் உடம்பு அங்கேதான் இருக்கிறது. அலமாரியில் இந்தத் தொல்லை குறைவு, புத்தகங்களின் முதுகும் ஸ்பீக்கரின் முகமும் ஒரே கோட்டில் இருந்தால். ஆனால் என் பெட்டிகளுக்குத் துளை பின்பக்கம். பெட்டியைத் தட்டில் தள்ளி வைத்த முதல் நாள், தொப்பி விழும் இடமெல்லாம் ஒரே 'கும்', மிருதங்கக்காரர் கிணற்றுக்குள் உட்கார்ந்து வாசித்ததுபோல. சில நிறுவனங்கள் இதற்காகவே துளையில் செருகும் பஞ்சைப் பெட்டியோடு தருகின்றன. என்னுடையதில் இல்லை. பழைய காலுறை ஒன்றைச் சுருட்டி ஒவ்வொரு துளையிலும் செருகினேன். கோடு 60 ஹெர்ட்ஸுக்கு அருகே இன்னும் கொஞ்சம் இறங்கியது. தொப்பியில் ரவை அப்பிய இடத்தில் கை படுவது கேட்கத் தொடங்கியது. மந்தரம், முன்போலவே, கேட்டுக்கொண்டிருக்கிறது.