விரிசல் கண்ட பிரேமை வெல்டிங் கடைக்கு எடுத்துச் செல்லும் முன்

மின் மவுண்டன் பைக்கின் பிரேமில் விரிசல் பெரும்பாலும் மோட்டாரைத் தாங்கும் பகுதியின் வெல்டிங் ஓரத்திலோ, பின் ஷாக் அப்சார்பர் இணையும் இடத்திலோ, இருக்கைக் குழாயின் மேல்முனையிலோ தொடங்குகிறது. பல வண்டிகள் 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளவை. அந்தப் பாரத்தோடு கிபா கார்ஜ், கார்க்லூஃப் போன்ற பாதைகளின் வேர்களிலும் கற்களிலும் குதித்து இறங்கும்போது முழு அதிர்ச்சியும் இந்த இடங்களில்தான் சேர்கிறது. விரிசலை யாரோ வெல்டிங் செய்து பெயிண்டும் அடித்த பிறகு டர்பனிலுள்ள என் பட்டறைக்கு வரும் வண்டிகளைக் கண்டால் எனக்கு மனம் கனத்துப் போகிறது, ஏனெனில் அதற்குள் உலோகத்தின் வலிமையும் உரிமையாளரின் உத்தரவாதமும் சேர்ந்தே போயிருக்கும்.

இத்தகைய பிரேம்கள் பலவும் 6061 அலுமினியக் கலவையால் ஆனவை. வெல்டிங்கின் சூடு பட்டால் வெல்டிங் கோட்டுக்கு அருகிலுள்ள உலோகம் மென்மையாகி வலிமையில் பெரும்பங்கை இழந்துவிடும். அதனால்தான் ஆலையில் வெல்டிங் முடிந்ததும் பிரேமைச் சுமார் 530 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, விரைவாகக் குளிர்வித்து, பிறகு தாழ்ந்த வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து வலிமையை மீட்கிறார்கள். அந்த உலை இல்லாத கடையில் எத்தனை அழகாகப் பற்றவைத்தாலும், பழைய விரிசலுக்குச் சற்றுத் தள்ளிப் புதியது பிளக்கும். கார்பன் பிரேம் என்றால், அந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் கார்பன் இழையை அடுக்கடுக்காகக் கட்டி மீட்க முடியும். மோட்டார் தாங்கும் பகுதியில் மட்டும் அதையும் நான் ஏற்பதில்லை.

சாட்ஸ்வர்த்தைச் சேர்ந்த ஒரு வாடிக்கையாளர், வாங்கி ஆறு மாதம் ஆவதற்குள் விரிசல் கண்டும், கடைக்காரர் இறக்குமதியாளரையும் அவர் வெளிநாட்டு உற்பத்தியாளரையும் கைகாட்டியதால், கோடை முழுவதும் வண்டியின்றி அலைந்தார். அவர் அலைந்திருக்கவே வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளைப் பெற்ற 6 மாதங்களுக்குள் விற்றவரிடமே, அவருடைய செலவில், திருப்பித் தரலாம். பழுதுபார்ப்பதா, மாற்றுவதா, பணத்தைத் திரும்பத் தருவதா என்று தேர்ந்தெடுப்பவர் வாங்கியவரே. பழுதுபார்த்த 3 மாதங்களுக்குள் குறை மீண்டும் தோன்றினால், மாற்றுப் பொருளோ பணமோ தந்தாக வேண்டும். ஆனால் உற்பத்தியாளரின் அறிவுறுத்தலுக்கு மாறாகப் பொருளில் மாற்றம் செய்திருந்தால் அந்த அளவுக்கு இந்தப் பாதுகாப்பு விலகிவிடும். தெருமுனை வெல்டிங்கைச் சுட்டிக்காட்டிக் கோரிக்கையை மறுப்பது விற்றவருக்கு எளிதாகிறது.

6 மாதம் கடந்தபின் கையிலிருப்பது உற்பத்தியாளரின் உத்தரவாதப் பத்திரம். அது பெரும்பாலும் முதலில் வாங்கியவருக்கே செல்லும். கழற்றி மாட்டும் கூலியையும் ஏற்பதில்லை. இன்னொரு சிக்கல் பலருக்குத் தாமதமாகவே தெரிகிறது: மாற்றாக வரும் புதிய மாதிரி பிரேமில் பழைய மோட்டாரும் பேட்டரியும் பொருந்தாமல் போகலாம். ஆகவே எந்த மோட்டாருக்கான பிரேம் வரும், பொருந்தாவிட்டால் அதன் செலவு யாருடையது என்று சம்மதிப்பதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விரிசலை அருகிலிருந்தும் தூரத்திலிருந்தும், வரிசை எண்ணுடனும் படமெடுங்கள், பெயிண்டைச் சுரண்டாதீர்கள். அனுப்பும்போது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். 100 வாட்மணிக்கு (Wh) மேற்பட்ட லித்தியம் பேட்டரியைச் சாதாரணப் பார்சலாக அனுப்பக்கூடாது.

கடை மறுத்தால், ரசீது, படங்கள், எழுதிய மின்னஞ்சல்கள் ஆகியவற்றுடன் நுகர்வோர் பொருள், சேவைக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.