வைக்கோல் உருளைக்கட்டு தூக்க மினி டிராக்டர்: மானியம் எவ்வளவு, எந்த வண்டிக்கு?

"டிராக்டருக்கு ஐம்பது சதவீதம் மானியம்" என்று டீக்கடையில் யாராவது சொன்னால் பாதி உண்மை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சதவீதம் சரிதான், ஆனால் அதற்கு மேல் ஒரு உச்சவரம்பு உட்கார்ந்திருக்கிறது. வண்டி வாங்கும்போது கையை விட்டுப் போகும் தொகையை முடிவு செய்வது பெரும்பாலும் அந்த உச்சவரம்புதான்.

திட்டத்தின் பெயர் வேளாண்மை இயந்திரமயமாக்குதல் துணை இயக்கம். 2014-15ல் மத்திய அரசு தொடங்கியது. சுருக்கமாக எஸ்.எம்.ஏ.எம். என்பார்கள். தமிழ்நாட்டில் இதை நடத்துவது வேளாண்மைப் பொறியியல் துறை. வேளாண்மைத் துறை அலுவலகத்தில் போய் நின்றால் "அங்கே போங்க" என்று அனுப்பிவிடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் உபகோட்டத்தில் இருக்கும் உதவி செயற்பொறியாளர் அலுவலகம்.

சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு விலையில் 50 சதவீதம். மற்றவர்களுக்கு 40. இரண்டரை ஏக்கர் வரை இருந்தால் குறு விவசாயி, ஐந்து ஏக்கர் வரை இருந்தால் சிறு விவசாயி. ஆதிதிராவிடர், பழங்குடியினரில் சிறு, குறு விவசாயியாக இருப்பவர்களுக்கு மாநில அரசு கூடுதலாக 20 சதவீதம் தருகிறது. தகுதி இருந்தும் இதைக் கேட்காமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. விண்ணப்பிக்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

உச்சவரம்பு வண்டியின் பி.டி.ஓ. குதிரைத்திறனைப் பொறுத்தது. பி.டி.ஓ. என்பது இணைப்புக் கருவிகளை ஓட்ட வண்டியின் பின்னால் சுழலும் தண்டு. 50 சதவீதக்காரர்களுக்கு எஸ்.எம்.ஏ.எம். வழிகாட்டு நெறிகளில் இருந்துவரும் அளவு இது: 8 முதல் 20 பி.டி.ஓ. குதிரைத்திறன் வரை இருசக்கர இயக்கம் என்றால் 2 லட்சம், நான்கு சக்கர இயக்கம் என்றால் 2.25 லட்சம். 20க்கு மேல் 40 வரை முறையே 2.50 லட்சம், 3 லட்சம். 40 சதவீதக்காரர்களுக்கு இதில் ஐந்தில் நான்கு பங்கு. நெறிமுறைகளை அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால் இந்த நிதியாண்டின் பட்டியலை அலுவலகத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேச்சுக்கு, ஆறரை லட்சம் விலையுள்ள நான்கு சக்கர இயக்க மினி டிராக்டர் என்று வையுங்கள், பி.டி.ஓ. 19. பாதி என்றால் 3.25 லட்சம். கிடைப்பது 2.25 லட்சம்தான். மீதி 4.25 லட்சம் உங்கள் பொறுப்பு. அதாவது உண்மையான மானியம் 35 சதவீதத்துக்கும் கீழே.

இந்த பி.டி.ஓ. கணக்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். பானெட்டில் எழுதியிருப்பது இன்ஜின் குதிரைத்திறன். பின்னால் சுழலும் பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது அதைவிடக் குறைவு. இன்ஜின் 24 குதிரைத்திறன் என்று விற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றுக்கு பி.டி.ஓ. 22 இருக்கலாம், இன்னொன்றுக்கு 19. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் மானியத்தில் இரண்டும் வேறு வேறு வரிசை. நான்கு சக்கர இயக்கம் என்றால் வித்தியாசம் 75,000 ரூபாய்.

சரி, வைக்கோலுக்கு வருவோம். மானிய வரிசையைப் பார்த்து வண்டியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் உங்கள் கட்டின் எடையைப் பாருங்கள். அறுவடை இயந்திரம் போன பின் வயலில் ஓடி வைக்கோலைச் சுருட்டிக் கட்டும் இயந்திரம்தான் பேலர். சிறிய உருளை பேலர் போடும் கட்டு ஒரு ஆள் தூக்கி டிரெய்லரில் ஏற்றும் எடைதான். அதை வயலிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர மட்டும் என்றால் 20 குதிரைத்திறனுக்கு உட்பட்ட வண்டியும் டிரெய்லரும் போதும். அறுவடைக்குப் பின் ஈரம் காயாத வயலில் இறங்கி ஏற வேண்டியிருந்தால் நான்கு சக்கர இயக்கத்துக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண் போகாது.

பேலரையும் நீங்களே ஓட்டப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. சிறிய உருளை பேலருக்கே 30, 35 குதிரைத்திறனுக்குக் குறையாத டிராக்டர் கேட்பார்கள். அப்போது 20 பி.டி.ஓ. குதிரைத்திறனுக்கு மேற்பட்ட மானிய வரிசைக்குத்தான் போக வேண்டும். பேலரும் மானியப் பட்டியலில் இருக்கிறது, அதற்குத் தனி விண்ணப்பம். என்னைக் கேட்டால், ஐந்து ஏக்கருக்குள் வைத்திருப்பவர் பேலரை வாடகைக்கு வரவழைத்துக் கட்டிக்கொண்டு, சொந்த வண்டியில் ஏற்றி இறக்கிக்கொள்வதே லாபம்.

நான்கடி விட்டம் உள்ள பெரிய உருளைக்கட்டு என்றால் கொஞ்சம் நிதானியுங்கள். அது நூற்றுக்கணக்கான கிலோ வரும், மழை பட்டால் இன்னும் கூடும். மினி டிராக்டர் விளம்பரத்தில் "தூக்கும் திறன் 750 கிலோ" என்று இருக்கும். அது பெரும்பாலும் பின்பக்க இணைப்புக் கைகளின் நுனியில் அளந்தது. நான்கடி அகலக் கட்டை அந்தக் கைகளில் மாட்டிய இரும்பு முள்ளில் குத்தித் தூக்கும்போது அதன் எடை நுனியிலிருந்து இரண்டடிக்கு மேல் பின்னால் தொங்குகிறது. அங்கே அந்த 750 கிடைக்காது. வண்டியின் எடையே ஒரு டன்னுக்குள் என்றால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. வரப்பில் ஏறும்போது அப்படியே முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். முன்னால் எடைக்கட்டி போட்டால் ஓரளவு சமாளிக்கலாம். முன்பக்க லோடரில் பெரிய கட்டை உயரத் தூக்குவது மினி டிராக்டருக்கான வேலையே இல்லை.

இதையெல்லாம் விற்பனையாளர் வாயால் கேட்க வேண்டாம். மானியப் பட்டியலில் வரும் டிராக்டர் மாடலுக்கு அரசின் சோதனை அறிக்கை இருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ளது போன்ற மத்திய அரசு நிலையங்கள் சோதித்துத் தருபவை அவை. உண்மையான பி.டி.ஓ. திறன், வண்டியின் எடை இரண்டும் அதில் இருக்கும். தூக்கும் திறனை நுனியில் ஒன்றும், 610 மில்லிமீட்டர் பின்னால் ஒன்றுமாக இரண்டு எண்களாகத் தந்திருப்பார்கள். இரண்டாவதுதான் உங்களுக்கு வேண்டியது.

விண்ணப்பத்துக்கு ஆதார், சிட்டா, அடங்கல், வங்கிக் கணக்குப் புத்தகம், புகைப்படம் எடுத்துக்கொள்ளுங்கள். சிறு, குறு விவசாயி அல்லது ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்ற முறையில் 50 சதவீதம் கேட்கிறவர்கள் அதற்கேற்ப வட்டாட்சியரிடம் வாங்கிய சிறு, குறு விவசாயி சான்று அல்லது சாதிச் சான்றும் வைக்க வேண்டும். சான்று வரத்தான் நாளாகும், அதை முதலில் தொடங்குங்கள். தமிழ்நாடு அரசின் உழவன் செயலியிலும் பதியலாம், நேரில் போயும் கொடுக்கலாம். ஒதுக்கீடு அளவானது என்பதால் நிதியாண்டின் தொடக்கத்திலேயே பதிவது நல்லது.

ஒப்புதல் ஆணை கையில் வரும் முன் வண்டியை வாங்கிவிடாதீர்கள். முன்கூட்டி வாங்கிய வண்டிக்கு மானியம் கேட்டுப் பயனில்லை. அப்புறம், மானியம் பெரும்பாலும் பின்னேற்பாக வரும். அதாவது வண்டிக்கு முழுப் பணம் கட்டி, பொறியாளர் வந்து பார்த்து சேஸிஸ் எண்ணைச் சரிபார்த்த பிறகே உங்கள் கணக்கில் ஏறும். இடையில் சில வாரங்களுக்கு முழுத்தொகையையும் தாங்கும்படி வங்கிக் கடனைப் பேசி வையுங்கள். விலைப்பட்டியல் வாங்கும்போது வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கும் வைக்கோல் பேலருக்கும் ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய பட்டியலை நீட்டினால் புதியதைக் கேளுங்கள்.