ஸ்டார்ட் பட்டன் நடுவுல போனதுக்கா இந்தப் பாடு?

இந்த மாசத்துல இது மூணாவது கேஸ், அதான் கடைய சாத்திட்டு உக்காந்து டைப் பண்றேன். பத்திரம் எழுதுற அண்ணன் ஒருத்தரு, நம்ம பழைய கஸ்டமர், சிபியுவ தூக்கிட்டு வந்தாரு. ஆன் பண்ணா வேர்ட் ஃபைல் அத்தனைக்கும் பேருக்குப் பின்னாடி ஏதோ நாலு எழுத்து ஒட்டிக்கிட்டு நிக்குது, ஒண்ணும் திறக்கல, ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு டெக்ஸ்ட் ஃபைல், காசு குடுத்தா திறந்து விடுறோம்னு. ரான்சம்வேர். பேக்கப் இருக்காண்ணேன்னு கேட்டா பென்டிரைவ்ல இருக்கு தம்பின்னாரு, அப்பாடான்னு வாங்கிப் பாத்தா அதுலயும் அதே நாலு எழுத்து. எப்பவும் சொருகியேதான் வெச்சிருப்பாராம்.

எப்படி உள்ள வந்துச்சுன்னு விசாரிச்சா, விண்டோஸ் 11 மாறினதும் ஸ்டார்ட் பட்டன் நடுவுக்குப் போயிடுச்சு, ரைட் கிளிக் பண்ணா பேஸ்ட்டக் காணோம், கடுப்பாகி அக்கா பையன்கிட்ட சொல்லிருக்காரு. அவன் ஒரு வீடியோவுக்குக் கீழ இருந்த லிங்க்ல 'பழைய ஸ்டார்ட் மெனு'ன்னு ஒண்ண இறக்கி, ஆன்டிவைரஸ் கத்துதேன்னு அதையும் ஆஃப் பண்ணிட்டுப் போட்டிருக்கான்.

பட்டன பழைய எடத்துக்கே கொண்டு வர, ஸ்கிரீனுக்குக் கீழ இருக்குற பட்டை, அதான் டாஸ்க்பார், அதுல காலி எடத்துல ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், அதுல பிஹேவியர்ஸ், அலைன்மென்ட்ட லெஃப்ட்னு மாத்து. அவ்ளோதான், அரை நிமிஷ வேலை. பேஸ்ட்டும் எங்கயும் போகல, அந்த மெனுவுலயே சின்னப் படமா இருக்கு. பழைய மெனுவே வேணும்னா ஷிஃப்ட்ட அமுக்கிக்கிட்டு ரைட் கிளிக் பண்ணுங்க.

உங்க கடுப்பு தப்புன்னு நான் சொல்லல. 2012ல விண்டோஸ் 8 வந்தப்ப ஸ்டார்ட் பட்டனையே தூக்கிட்டாங்க, ஷட் டவுன் எங்க இருக்குன்னு கேட்டு மட்டும் ஒரு நாளைக்கு எத்தன ஃபோன் வரும் தெரியுமா. ஊரே திட்டித்தான் அடுத்த வருஷம் 8.1ல பட்டன் திரும்பி வந்துச்சு, அதுவும் பட்டன் மட்டும், மெனு ஒழுங்கா வர 2015ல விண்டோஸ் 10 வரைக்கும் ஆச்சு. கை பழகின எடத்துல இருந்து சாமான எடுத்து வேற எடத்துல வெச்சா வீட்லயே சண்டை வரும்.

ஆனா நான் சொல்லிச் சொல்லி அலுத்துப் போனது ஒண்ணு இருக்கு. 'அப்டேட்னா மூஞ்சிய மாத்துறதுதானே தம்பி, எனக்கு எதுக்கு, ஆஃப் பண்ணி விட்டுடு.' இல்லண்ணே, இல்லவே இல்ல. மூஞ்சி மாறுறது எப்பவோ ஒரு தடவ. மாசாமாசம் வர்றது ஓட்டைய அடைக்கிறது, பெரும்பாலும் அது வந்ததே உங்களுக்குத் தெரியாது, ஸ்கிரீன்ல ஒண்ணும் பெருசா மாறாது. 2017 மே மாசம் வான்னாக்ரைன்னு ஒரு ரான்சம்வேர் உலகம் முழுக்க ஆடுச்சே, அந்த ஓட்டைய அடைக்கிற பேட்ச் மார்ச்லயே வந்தாச்சு, மாட்டுனதுல பெரும்பாலும் அப்டேட் போடாத விண்டோஸ் 7. அன்னைக்கே அந்த பேட்ச்சப் போட்டிருந்தா விண்டோஸ் 7 பாக்க அதே விண்டோஸ் 7ஆத்தான் இருந்திருக்கும்! மூஞ்சி புடிக்கலன்னு ஓட்டையத் திறந்து வெச்சுக்கிட்டு இருக்கீங்க.

இன்னும் சில பேர் புது லேப்டாப்ப வாங்கிட்டு வந்து விண்டோஸ் 7 போட்டுக் குடுங்கறாங்க. நான் போட மாட்டேன். பாதி மெஷின்ல இன்ஸ்டால் ஸ்கிரீன்ல மவுஸே நகராது, யுஎஸ்பி 3க்கு அதுல டிரைவரே கிடையாது. 2020 ஜனவரியோட அதுக்கு அப்டேட்டும் நின்னு போச்சு.

விண்டோஸ் 10ஐ விட மனசு வரலையா, இருங்க, ஆனா அதுவும் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது. செட்டிங்ஸ்ல விண்டோஸ் அப்டேட் பேஜ்ல இஎஸ்யூன்னு ஒண்ணு காட்டும், காலம் முடிஞ்ச பிறகும் ஓட்டைய அடைக்கிற அப்டேட் மட்டும் குடுக்குற திட்டம், அதுல பதிவு பண்ணா வீட்டு மெஷினுக்கு 2026 அக்டோபர் 13 வரைக்கும் பேட்ச் வரும். 10ல இருந்து 11க்கு அப்கிரேட் பண்ணிப் புடிக்கலன்னா பத்து நாளுக்குள்ள பழசுக்கே திரும்ப செட்டிங்ஸ்ல ரெகவரில 'கோ பேக்' இருக்கு, நடுவுல டிஸ்க் கிளீனப்னு எதையாவது அழிச்சீங்கன்னா அதுவும் போயிடும்.

ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணச் சொல்ற எந்த சாஃப்ட்வேரும் வேண்டாம், யார் குடுத்தாலும். பேக்கப் எடுத்ததும் பென்டிரைவ உருவி பீரோவுல வைங்க. எதாவது புடிக்கலன்னா மொதல்ல ஒரு ஃபோன் போடுங்க, அரை நிமிஷ வேலைக்கு நான் காசு வாங்க மாட்டேன். லேப்டாப்ப நேர்ல எடுத்துட்டு வர்றவங்க தயவுசெஞ்சு சார்ஜரையும் எடுத்துட்டு வாங்க.