படிப்பிக்கிற நேரம் பயிற்சி நேரம் இல்லை

மடு மாதா கோவிலின் ஆவணி (ஓகஸ்ட்) திருவிழா முடிந்த கையோடு மணிக்கட்டில் பட்டி சுற்றியபடி என்னிடம் வந்து நிற்கும் இளம் ஓர்கன்காரர்களின் தொகை குறைவதாகவே இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாந்தை, வவுனியா என்று எந்தப் பக்கத்தில் இருந்து வந்தாலும் கதை ஒன்றுதான். ஞாயிறு பங்குக் கோவிலில் திருப்பலிக்கு வாசிப்பு. சனி முழுவதும் வீட்டில் கீபோர்ட் வகுப்பு. கிழமை நாட்களில் பின்னேரம் வீடு வீடாகப் போய்ப் படிப்பிப்பு. இடையில் கலியாணம், பாடசாலைப் பரிசளிப்பு விழா. "உனக்கென்று எப்ப வாசிக்கிறாய்?" என்று கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: "நாள் முழுக்கக் கை கட்டையிலதானே சேர் கிடக்குது. பிறகென்ன தனிப் பயிற்சி?"

இந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பெற்றோர் இதைச் சொல்கிறார்கள், பாடகர் குழாம் பொறுப்பாளர் சொல்கிறார், சில இசை ஆசிரியர்களும் சொல்கிறார்கள். பிழை. முழுக்கப் பிழை.

ஒரு வகுப்பில் ஆசிரியரின் கை உண்மையில் என்ன செய்கிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். பிள்ளை நடுவில் இருக்கும், ஆசிரியர் பக்கவாட்டில் கதிரையைப் போட்டுக்கொண்டு உடம்பைத் திருப்பி, வலக்கையை நீட்டி, கட்டைகளின் ஓரத்தில் இரண்டு தாளக்கட்டு (பார்) வாசித்துக் காட்டுவார். நிறுத்துவார். பிள்ளை வாசிக்கும், பிழைக்கும். திரும்ப அதே இரண்டு தாளக்கட்டு, பாதி வேகத்தில். காது முழுவதும் பிள்ளையின் பிழையில் இருக்கும், தன் ஒலியில் இராது. ஐந்து மணித்தியாலம் இப்படிப் போனால் ஒரு பாடலாவது தொடக்கத்தில் இருந்து முடிவுவரை ஆசிரியர் வாசித்திருக்கமாட்டார். சொப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்ற நான்கு குரல்களையும் சேர்த்து ஒருமுறைகூட வாசித்திருக்கமாட்டார். தனக்கு வராத இடத்தைத் தொட்டிருக்கவே மாட்டார், ஏனென்றால் மாணவனின் பாடத்தில் அந்த இடம் வராது.

பயிற்சி என்பது இதற்கு நேர் எதிர். தன் பலவீனத்தைத் தானே தெரிந்தெடுத்து, தன் ஒலியைத் தானே கேட்டு, பிழை நின்று கை அமைதியாகும்வரை திருப்பிச் செய்வது. ஆகவே கிழமைக்கு இருபத்தைந்து வகுப்பு எடுக்கிறவருக்கு அந்த இருபத்தைந்தில் பயிற்சி பூச்சியம். தசைக்கும் நரம்புக்கும் மட்டும் இருபத்தைந்து வகுப்பின் சுமையும் ஏறிவிடுகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை அயலவர் வயலுக்குக் கட்டிவிட்டு நம் வயல் விளையும் என்று பார்த்திருப்பது போன்றது இது. இரண்டு வருடத்தில் வாசிப்பு நின்ற இடத்திலேயே நிற்கும். அந்த நின்றுபோன வாசிப்பைத்தான் பிள்ளைகளும் பார்த்துப் படிக்கிறார்கள்.

ஓர்கன் கலைஞர் படிப்பிப்பதில் தப்பே இல்லை. உலகெங்கும் இந்தத் தொழில் கோவில் பதவி, கற்பித்தல், கச்சேரி என்ற மூன்றிலும் ஊன்றித்தான் நிற்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ஒலிவியே மெசியான் 1931 முதல் 1992 இல் இறக்கும்வரை பரிஸ் நகரின் திரித்துவ ஆலயத்தில் வாசித்தார். 1941 முதல் பல பத்தாண்டுகள் பரிஸ் இசைக்கல்லூரியில் படிப்பித்தார். அதே நகரில் அவருக்கு முன் சேசர் பிராங்க், செந்த் குளோதில்ட் ஆலய ஓர்கன் கலைஞர், 1872 முதல் இசைக்கல்லூரியின் ஓர்கன் பேராசிரியர். பகல் முழுவதும் நகரத்தின் மூலைமுடுக்கெல்லாம் போய் வீட்டு வகுப்பு எடுத்தவர் அவர். நம் பிள்ளைகளின் நிலைமையேதான். ஆனால் அதிகாலை ஐந்தரைக்கு எழும்பி, முதல் இரண்டு மணித்தியாலத்தைத் தன் இசைக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் வகுப்புக்குப் புறப்படுவார் என்று அவருடைய மாணவர் வின்சென்ட் டிண்டி எழுதியிருக்கிறார். 'தனக்கான வேலை' என்று அந்த நேரத்துக்கு அவர் பெயரே வைத்திருந்தார். படிப்பிப்பதையே பயிற்சி என்று அவர் கணக்குப் போடவில்லை.

'இங்கே குழாய் ஓர்கனும் இல்லை, காலால் வாசிக்கும் பெடலும் இல்லை' என்று சொல்கிறவர்களுக்கு ஓர்கன் கலைஞரும் வைத்தியருமான அல்பேர்ட் சுவைற்சரைச் சொல்வேன். 1913 இல் ஆபிரிக்காவின் லம்பரேனேக்கு வைத்தியராகப் போனபோது அவரிடம் ஓர்கன் இல்லை. பரிஸ் பாக் சங்கம் கொடுத்த, கால் பெடல் பூட்டி, வெப்பநாட்டு ஈரத்துக்கும் கறையானுக்கும் தாங்குமாறு துத்தநாகத் தகடு அடித்த ஒரு பியானோதான் இருந்தது. ஆசுபத்திரி வேலைக்கிடையில் கிடைத்த நேரத்தில் அதில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ஆக்கங்களை ஒவ்வொன்றாக மனப்பாடமாக்கினார். பிறகு ஐரோப்பாவில் கச்சேரி செய்து ஆசுபத்திரிக்குக் காசு சேர்த்தார். நமது 61 கட்டைக் கீபோர்ட் அதைவிடச் சிறியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் அதில் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது.

முதல் மாணவன் வருவதற்கு முன் நாற்பத்தைந்து நிமிடம். வகுப்பு முடிந்த பிறகு என்று தள்ளிப் போடவேண்டாம், கை களைத்துப் போயிருக்கும். முதல் பத்து நிமிடம் விரல் மாற்று: நடுவிரலால் ஒரு கட்டையை அழுத்தி, ஒலி அறாமல் அதே கட்டைக்குச் சின்னவிரலைக் கொண்டுவந்து, நடுவிரலை விடுவிப்பது. ஓர்கனில் விரலை எடுத்த கணமே ஒலி நின்றுவிடும். பியானோவில் காலால் பிடித்து இழுப்பதைப் போல இதில் இழுக்கமுடியாது. தொடர்ச்சி விரலில் இருந்துதான் வரவேண்டும். ஓர்கன் ஒலியைப் போட்டுவிட்டு, ஒலியை நீட்டும் சஸ்டெயின் பெடலை மிதித்துக்கொண்டிருப்பவர்களின் வாசிப்பு சேறாகக் கேட்பது இதனால்தான். அடுத்த இருபது நிமிடம் ஒரே ஆக்கம், அதிலும் நான்கே தாளக்கட்டு. தாளம் எண்ணும் மெட்ரோனோம் 60 இல், முதலில் கை தனித்தனியாக, பிறகு சேர்த்து. மூன்று முறை தொடர்ந்து பிழையில்லாமல் வந்தால் மட்டும் வேகத்தை நான்கு நான்காகக் கூட்டுங்கள். மிச்சப் பதினைந்து நிமிடம் ஒரு பாடல், நான்கு குரலில். பெடல் இல்லாத இடத்தில் இடக்கை பேஸும் டெனரும், வலக்கை மற்ற இரண்டும். மூன்று குரலை வாசித்து நான்காவதை வாயால் பாடுங்கள். பாட முடியாத குரல் உங்கள் காதுக்கு இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம். மேற்குரலில் ஒரே சுரம் அடுத்தடுத்து வந்தால் பிரித்து வாசிக்கவேண்டும், இல்லையென்றால் சனத்துக்கு எங்கே பாடுவதென்று தெரியாது. நடுக்குரல்களில் வந்தால் இணைத்துப் பிடித்துவிடலாம்.

தானாகத் தாளம் போடும் ஸ்டைல் பொத்தானையும் சுருதி மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானையும் இந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் தொடவே கூடாது. எல்லாப் பாடலையும் சி-யில் வாசித்துப் பொத்தானால் சுருதி மாற்றுகிறவர், அந்தப் பொத்தான் இல்லாத ஓர்கன் முன் இருத்தினால் திணறிப்போவார். ஒவ்வொரு பாடலையும் எஃப், ஜி, டி ஆகிய மூன்று சுருதியிலாவது கை அறியவேண்டும். பத்து வருடம் தானியங்கித் தாளத்துக்குக் கோர்ட் (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டம்) மட்டும் அழுத்திய இடக்கைக்கு பேஸ் வரி என்றால் என்னவென்றே தெரியாது. அந்தக் கையை வைத்துக்கொண்டு படிப்பிக்கப் போகாதீர்கள், தயவுசெய்து.

இனிக் கை நோவுக்கு வருவோம். பட்டி சுற்றி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு நோவின் தொடக்கம் மேசை. சாப்பாட்டு மேசை 30 அங்குல உயரம். அதன்மேல் கீபோர்ட்டை வைத்தால் கட்டையின் மேற்பரப்பு 33 அங்குலத்துக்கு வந்துவிடும். பிளாஸ்டிக் கதிரையின் இருக்கையோ 17 அங்குலம். தோள் மேலேறி, மணிக்கட்டு கீழே மடிந்து, நாள் முழுக்க அப்படியே. பியானோவின் கட்டை தரையில் இருந்து 28, 29 அங்குலம்தான். எக்ஸ் ஸ்டாண்டைக் கீழ்ப்பல்லுக்கு இறக்கி அந்த உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். முழங்கை கட்டையின் மட்டத்தில் அல்லது ஒரு விரற்கடை மேலே இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கதிரையில் பலகை போடுங்கள். படிப்பிக்கும்போது ஒரு மாணவனுக்கு வலப்பக்கம் இருந்தால் அடுத்தவனுக்கு இடப்பக்கம் இருங்கள். இரண்டு கீபோர்ட் இருந்தால் எதிரெதிரே வைப்பது எல்லாவற்றிலும் நல்லது. உடம்பைத் திருப்பவே தேவையில்லை.

இரண்டாவது காரணம், ஓங்கி அடிப்பது. கோவில் ஒலிபெருக்கிகள் சனத்தைப் பார்த்து நிற்கும், வாசிக்கிறவருக்குத் தன் ஒலி கேட்காது. கேட்காததால் கட்டையை ஓங்கி அடிப்பார். ஓர்கனில் எவ்வளவு பலமாக அடித்தாலும் ஒலி கூடாது. பல கீபோர்ட்களின் ஓர்கன் ஒலியும் அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. சத்தத்தைக் கூட்டுவது வால்யூம் பெடலின் வேலை. வாசிக்கிறவரின் காதுப் பக்கம் ஒரு சிறிய மொனிட்டர் ஒலிபெருக்கிப் பெட்டி வையுங்கள் என்று சவுண்ட்ஸ்காரரிடம் கேளுங்கள். கொடியேற்றத்தன்று கேட்டால் கிடைக்காது, முதல் கிழமையே கேளுங்கள்.

சில கட்டைகள் பேசுவதில்லை என்று அழுத்திக் குத்துகிறவர்களும் உண்டு. கட்டையின் கீழே இருக்கும் ரப்பர் பட்டியின் கரித் தொடுகையில் வன்னிப் புழுதி படிந்திருக்கும், எறும்பு கூடு வைத்திருக்கும். பழுதுபார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்து ரப்பரை மென்சவர்க்கார நீரில் கழுவி நன்றாகக் காயவிட்டு, சர்க்கிட் பலகையை ஐசோபுரோபைல் அற்ககோலில் துடைப்பித்தால் பெரும்பாலும் சரியாகும். ரப்பர் தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். விரலைத் தண்டிக்கவேண்டாம்.

நோவு வந்துவிட்டதா? பெருவிரலின் அடியில் மணிக்கட்டோரம் இழுத்துப் பிடிக்கிறதா, மடக்கிய விரல் 'டக்'கென்று நிமிர்கிறதா, இரவில் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் விறைக்கின்றனவா, மோதிரவிரலும் சின்னவிரலும் விறைக்கின்றனவா: இவை நான்கும் வேறு வேறு சிக்கல்கள், வைத்தியமும் வேறு. தைலம் பூசி உருவிவிட்டால் எல்லாம் போகும் என்று இருக்காதீர்கள். விறைப்பு இருந்தால் உடனே, நோவு மட்டும் என்றால் மூன்று நாள் ஓய்வுக்குப் பிறகும் நிற்காவிட்டால், கிளிநொச்சி அல்லது வவுனியா வைத்தியசாலைக்குப் போய்க் காட்டுங்கள். போகும்போது ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் கை கட்டையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போங்கள். நீங்கள் சொல்லாமல் வைத்தியருக்கு அது தெரியாது. நோக்குளிசையைப் போட்டுக்கொண்டு திருவிழாவுக்கு வாசிப்பதை மட்டும் செய்யவே வேண்டாம். நோவை மறைத்தால் காயம் உள்ளே பெருகும். லூயி வியேர்ன் 1906 இல் கால் உடைந்த பிறகு பெடல் வாசிப்பை அடியில் இருந்து திரும்பப் படித்தார். நோத்ர்தாம் ஆலயத்தின் ஓர்கன் கலைஞருக்கே திரும்பத் தொடங்கவேண்டி வந்தது என்றால், இருபது வயதுப் பிள்ளை ஒரு மாதம் ஓய்ந்திருப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இசைத் தேர்வுகள் பற்றிச் சுருக்கமாக. எட்டாம் கிரேட் சான்றிதழ் வாசிப்புக்கானது, கற்பிக்கும் தகுதி அல்ல. லண்டன் ட்ரினிட்டிக் கல்லூரியின் எல்.டி.சி.எல். டிப்ளோமா வாசிப்புக்கு வேறு, கற்பித்தலுக்கு வேறு. ஏ.பி.ஆர்.எஸ்.எம். என்ற பிரித்தானிய இசைத் தேர்வுச் சபையின் வழியில் போகிறவர்கள் ஆறாம் கிரேட்டுக்கு முன் ஐந்தாம் கிரேட் தியரியை முடியுங்கள், அதற்குள் அவசரப்பட்டு வகுப்புத் தொடங்கவேண்டாம். பெற்றோருக்கும் ஒன்று: ஒரு கீபோர்ட்டில் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்து நடத்தும் வகுப்பில் உங்கள் பிள்ளையின் கை ஒரு மணித்தியாலத்தில் ஐந்து நிமிடம்தான் கட்டையைத் தொடும்.

ஆண்டின் ஒழுங்கையும் பாருங்கள். தவக்காலத்தில் பாடலைத் தாங்குவதற்கு மட்டும்தான் ஓர்கன் என்பது கத்தோலிக்க வழிபாட்டு விதி. நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் திருநாட்களும் மட்டும் விலக்கு. பெரிய வியாழன் 'உன்னதங்களிலே' கீதம் பாடியதில் இருந்து, உயிர்ப்பு விழாவுக்கு முந்திய பாஸ்கா இரவின் 'உன்னதங்களிலே' வரையும் அப்படியே. தனி வாசிப்புகள் தயாரிக்கவேண்டிய சுமை இல்லாத அந்த வாரங்களில்தான் புதிய ஆக்கம் ஒன்றைத் தொடங்கவேண்டும். அந்த வாரங்களை மேலதிக வகுப்புகளால் நிரப்பிவிட்டு, ஆவணியில் பழைய நான்கு பாடலையே வாசிக்கிறவர்களைத்தான் அதிகம் காண்கிறேன்.

பங்குத்தந்தையர்களிடமும் பாடகர் குழாங்களிடமும் ஒரு வேண்டுகோள். மடுவில் ஆவணி 6 கொடியேற்றம், 14 மாலை நற்கருணைப் பெருவிழா, 15 காலை திருவிழாத் திருப்பலி. ஒன்பது மாலையும் ஒரு காலையும், ஒத்திகைகள் வேறு. பங்குத் திருவிழாக்களிலும் இதே கணக்குத்தான். அவ்வளவையும் ஒரே பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். இரண்டு பேரை வைத்து நாள்விட்டு நாள் மாற்றுங்கள். கோவில் பணிக்குக் காசா என்று முகம் சுளிக்காமல் போக்குவரத்துச் செலவையும் ஒரு கொடுப்பனவையும் கொடுங்கள். கோவிலில் ஒன்றும் கிடைக்காததால்தான் அந்தப் பிள்ளை சனிக்கிழமை எட்டு வகுப்பு எடுக்கிறது. பாடல் பட்டியலையும், ஒவ்வொரு பாடலுக்கும் பாடகர் எடுக்கும் சுருதியையும் கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமைக்கு முன் இருவர் கையிலும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். கடைசி நிமிடத்தில் காதுக்குள் வந்து "அரைக் கட்டை ஏத்துங்கோ" என்று சொன்னால், கை தேடிப் போவது ட்ரான்ஸ்போஸ் பொத்தானைத்தான்.